கடல்மேற் களஞ்சியங்கள்

சென்ற தவணையில் ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணாக்கருக்குப் பழந்தமிழர் கடல்வாழ்க்கை பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தோம். நாவாய், வங்கம், கலம், அம்பி, தோணி, மிதவை எனக் கடலூர்திகளுக்குத் தமிழில் வழங்கிய பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் வேறுபாட்டை விளக்கி வருகையில், பின்வாங்கிலிருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "சேர், ஓரிடத்துக்கும் போகாமல், ஆயுதத்தை ஏற்றிக்கொண்டு கடலிலேயே நிற்கிற கப்பலுக்குத் தமிழில் என்ன பெயர்?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. யாம் நகைக்கவில்லை, விடையுங் கூறவில்லை. டியேகோ கார்சியாத் தீவில் நம்மவர் சிலர் தடுத்து வைக்கப்பட்டிருந்த செய்தியைப் பத்திரிகையில் வாசித்தவன் அவன். அத்தீவின் படத்திலே கரைக்குச் சற்று அப்பால் பெருங் கப்பல்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு, அவை அங்கே என்ன செய்கின்றன என்று அறிய விரும்பியிருக்கிறான்.

மலராசிரியர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது, அவனுக்குச் சொல்லவேண்டிய விடையையே கட்டுரையாக்கி விடுவோம் என்று துணிந்தோம். தமிழாசிரியனுக்கும் போர்க்களஞ்சியத்துக்கும் என்ன உறவு என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். எம்மிடமுள்ளது பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றே. கடற்படைச் சான்றிதழ் அன்று. ஆயினும் இப்பொருள் நம் வாசலுக்கு மிக அண்மையில் உள்ளது. கப்பற் பொறியியலாளராய்ப் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வுபெற்ற பழைய மாணவர் ஒருவர், கப்பலின் உள்ளமைப்புப் பற்றி எமக்குப் பொறுமையோடு விளக்கியுதவினார்.

அக்கப்பல்களை யாம் 'முன்னிருப்புக் கப்பல்' என்று அழைக்கின்றோம். போர் வருமென்று ஐயுறும் இடத்துக்கு அணித்தாக, போர் வருமுன்னரே, படைக்கு வேண்டிய கனரகப் பொருள்களை ஏற்றி நிறுத்தி வைக்கப்படும் சரக்குக் கப்பல் அது. படைவீரர் அதில் இரார்; அவர் தம் நாட்டில் இருப்பர். போர் மூண்டால் வீரர் விமானத்தில் வருவர். கப்பல் கடலில் வரும். இருவரும் ஒரு துறைமுகத்தருகே சந்திப்பர். வீரன் கையில் துவக்கோடு மட்டும் வந்திறங்க, அவனுடைய பீரங்கியும் வண்டியும் தண்ணீரும் உணவும் அவனுக்கு முன்னே வந்து காத்திருக்கும். பொறிமுறை இவ்வளவே.

இப்பொறிமுறை நம்மவருக்குப் புதிதன்று. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் தேதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலம் நோக்கி மழையில் நடந்ததை நேரிற் கண்டவர் இம்மலரை வாசிப்போருட் பலர் உளர். யாம் அப்போது பள்ளி மாணாக்கர். எம்மில்லத்து வாசற் கதவின் பின்னே ஆணியொன்றில் ஒரு பை எப்போதும் தொங்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், இரு சோடி உடுப்பு, ஒரு பொதி விசுக்கோத்து, பனடோல், மெழுகுதிரி, தீப்பெட்டி ஆகியன அதனுள் இருக்கும். ஓடவேண்டி வந்தால் எதை எடுப்பது என்று சிந்திக்க நேரமிராது என்பது அன்னையார் கொள்கை. அன்றிரவு எம் வீட்டார் ஐந்து நிமிடத்திற் புறப்பட்டனர். பை இல்லாத அயலவர் உறுதியைத் தேடிக்கொண்டு நின்றனர். வல்லரசுகள் கப்பலிற் செய்வதை அன்னையார் ஆணியிற் செய்தார். வேறுபாடு ஒன்று உண்டு: அவர் பை ஆயத்தம் செய்தது ஓடுவதற்கு, அவர்கள் ஆயத்தம் செய்வது மற்றவர் நாட்டுக்குப் போவதற்கு.

கடலோரத்திலும் கடலுள்ளும் இருப்பு வைத்தலில் உள்ள இடரை நம் குடாநாடு முன்னரே அறியும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீருள் நிற்கும் கடற்கோட்டையைக் காணாதவர் அரியர். போர்த்துக்கேயர் கட்டிய அதனை ஒல்லாந்தர் 1658 இல் முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். மதிலை இடித்து உட்புகுந்து வென்றாரல்லர். உள்ளே குடிநீர் இல்லாமற் போனதால் கோட்டையினர் பணிந்தனர். நாற்புறமும் நீர் சூழ்ந்த இடத்திலே நீரின்றித் தோற்றமை வேடிக்கை போலத் தோன்றினும், கடலுட் களஞ்சியம் வைப்போர் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி அது. இன்றைய முன்னிருப்புக் கப்பல்கள் கடல்நீரைக் குடிநீராக்கும் பொறிகளை உடன்கொண்டே செல்கின்றன.

திருகோணமலைக்குச் சுற்றுலாச் சென்ற மாணாக்கர் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்திருப்பர். கிழக்கில் நிற்கும் தம் கடற்படைக்கு எரிபொருள் குறையாதிருக்கவேண்டுமென்று பிரித்தானியர் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் கட்டியவை அவை, மொத்தம் 101. இது நிலத்து முன்னிருப்பு. 1942 ஏப்பிரில் 5 இல் கொழும்பையும் 9 இல் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது, தாங்கியொன்று எரிந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் அன்றே மூழ்கிற்று. நிலத்துக் களஞ்சியத்தின் குறை அன்று வெளிப்பட்டது. எங்கே இருக்கிறது என்று பகைவனுக்குத் தெரியும்; அது எழுந்து வேறிடம் போகாது.

அக்காலத்திலேயே பிரித்தானியர் மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டு பவளத்தீவில் மறைவான துறையொன்று அமைத்திருந்தனர். அங்கே எண்ணெயை ஒரு பகுதி கப்பலிலேயே சேமித்தனர். 'பிரிட்டிஷ் லோயல்ரி' என்னும் எண்ணெய்க் கப்பலின் கதை சுவையானது, துயரமும் ஆனது. 1942 மே மாதத்தில் மடகாசுக்கரிலே யப்பானியச் சிறு நீர்மூழ்கி அதனை மூழ்கடித்தது. மீட்டெடுத்துச் செப்பனிட்டு, அட்டுவிற் கொண்டுவந்து நங்கூரமிட்டு, ஓடாத எண்ணெய்க் களஞ்சியமாக நிறுத்தினர். 1944 மார்ச் 9 இல் யேர்மனிய நீர்மூழ்கியொன்று, துறைவாயிலிற் கட்டிய வலையின் இடைவெளியூடாகக் குண்டெய்து அதனை மீண்டுந் தாக்கிற்று. போர் முடிந்தபின் 1946 இல் அங்கேயே அமிழ்த்தி விட்டனர். எமக்குத் தெரிந்தவரையில் நம் அயற்கடலில் நின்ற முன்னிருப்புக் கப்பல்களுள் இதுவே மூத்தவற்றுள் ஒன்று.

இனி, நிலத்தில் இல்லாமல் கடலில் ஏன் வைக்கவேண்டும் என்பதைச் சற்று விரித்துரைப்போம். பெரிய போர்த்தாங்கியொன்றின் நிறை 60 தொன்னுக்கு மேல். அமெரிக்காவின் சி-17 என்னும் பெருஞ் சரக்கு விமானம் அத்தகைய தாங்கியொன்றையே ஒரு தடவையிற் சுமக்கவல்லது. ஒரு படையணிக்கு வேண்டிய தாங்கிகள், பீரங்கிகள், பாரவூர்திகள், வெடிமருந்து, எரிபொருள் யாவற்றையும் வானத்தாற் கொண்டுசெல்ல முயன்றால், விமானங்கள் மாதக்கணக்கிற் பறக்கவேண்டியிருக்கும். ஆதலின் பாரம் கடல்வழியே போகவேண்டும். அமெரிக்காவின் கீழைக் கரையிலிருந்து சூயெசுக் கால்வாய் வழியாகப் பாரசீகக் குடாவுக்கு 8,000 கடல்மைலுக்கு மேல். மணிக்கு 17 கடல்மைல் செல்லும் கப்பல் ஒருநாளில் 408 கடல்மைல் ஓடும். ஓயாது ஓடினும் இருபது நாளாகும். துறைமுகத்திற் கப்பலைத் தேடி, பாரத்தைத் திரட்டி, ஏற்றும் நாள்கள் இக்கணக்கிற் சேரவில்லை. டியேகோ கார்சியாவிலிருந்து அதே குடாவுக்கு ஏறத்தாழ 2,600 கடல்மைல். ஏற்கெனவே ஏற்றிவைத்த கப்பல் ஒரு வாரத்திற் போய்ச் சேரும்.

நிலத்தில் வைத்தால் இன்னும் விரைவன்றோ எனின், நிலம் பிறருடையது. நட்பு நாடொன்றின் மண்ணிற் களஞ்சியம் அமைக்க அந்நாட்டு அரசின் இசைவு வேண்டும். அரசு மாறலாம், மக்கள் கிளர்ந்தெழலாம், போர் மூளும் வேளையில் "இதனை எங்கள் மண்ணிலிருந்து எடுத்துச் செல்லற்க" என்று தடுக்கவும் கூடும். 1979 இல் ஈரானில் ஆட்சி மாறியபோது இது வெறும் ஐயமன்று என்பது தெளிவாயிற்று. மேலும், போர் கிழக்கில் வருமா மேற்கில் வருமா என்பது முன்கூட்டித் தெரியாது. நிலத்துக் களஞ்சியம் ஒரு திசைக்கே உதவும். கப்பல் எத்திசைக்கும் திரும்பும். பொதுக் கடல் எவருக்கும் சொந்தமன்று. ஆங்கே நிற்க எவரிடமும் கேட்கவேண்டியதில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் நிற்கும் கப்பலுக்கு அலையடங்கிய ஓரிடம் வேண்டும். அந்த ஓரிடத்தை எவ்வாறு பெற்றனர் என்பதைப் பின்னர்க் கூறுவோம். இக்கட்டுரை எழுதப் புகுந்ததே அதன்பொருட்டு.

கப்பலின் உள்ளே போவோம். ஐக்கிய அமெரிக்கா 1980களின் நடுப்பகுதியில் தன் கடற்சேனைக்காக 13 முன்னிருப்புக் கப்பல்களைச் சேவையிற் சேர்த்தது. ஒவ்வொன்றும் 200 முதல் 250 மீற்றர் வரை நீளமுடையது. நம் கல்லூரி விளையாட்டு மைதானத்தின் நீளத்தைக் கண்ணாற் கணித்து, அதனை இருமடங்காக்கிக் கொள்க. பின்னாளில் தரைப்படைக்கென வந்த வற்சன் வகைக் கப்பல்கள் இன்னும் பெரியன. 290 மீற்றர் நீளமும் 62,000 தொன் அளவும் உடையன. உள்ளே தட்டுத்தட்டாக, கொழும்பிலுள்ள அடுக்குமாடி வாகனத் தரிப்பிடம் போல, சரிவுப் பாதைகளால் இணைக்கப்பட்டிருக்கும். பின்புறத்தே பெரிய வாயிற்பலகை ஒன்று இறங்கித் துறைமேடையைத் தொடும். வண்டிகள் தாமே ஓடி ஏறும். தாமே ஓடி இறங்கும். துறைமேடை இல்லாத கரையாயின், கப்பலின் பாரந்தூக்கிகள் வண்டிகளையும் கொள்கலன்களையும் மிதவைகளில் இறக்கும். அம்மிதவைகளையும் கப்பலே சுமந்து வரும். எரிபொருளையும் நீரையும் கரைக்கு அப்பால் நின்றபடியே நீண்ட குழாய் வழியாகக் கரைக்குச் செலுத்தும்.

ஏற்றும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் வேண்டியது கடைசியில் ஏற்றப்படும். அதுவே முதலில் வெளியே வரும். திருவிழாவுக்குச் செல்லும் மாட்டுவண்டியிற் குழந்தையின் பாற்போத்தலை அடியில் வைத்து, மேலே பாயையும் தலையணையையும் அடுக்கிய தகப்பனாரை யாம் அறிவோம். அவர் கப்பலேற்றத் தகுதியுடையரல்லர். மற்றொரு நுட்பம்: தாங்கிகளெல்லாம் ஒரு கப்பலில், வெடிமருந்தெல்லாம் ஒரு கப்பலில் என்று பிரித்து ஏற்றமாட்டார். ஒவ்வொரு கப்பலிலும் எல்லாவற்றிலும் சிறிது சிறிது வைப்பர். ஒன்று மூழ்கினாலும் மற்றவை குறைபடாது பயன்படும். நெல்லையெல்லாம் ஒரே கொம்பறையிற் கொட்டாத வன்னிக் கமக்காரனும் இதனை அறிந்தவனே. இவ்வாறு நாலைந்து கப்பல்கள் கொண்ட ஓர் அணி, ஏறத்தாழ 16,000 வீரரை 30 நாளுக்குத் தாங்கத்தக்க இருப்பினைச் சுமந்து நின்றது. அத்தகைய அணிகள் மூன்று. ஒன்று அத்திலாந்திக்கு, மத்தியதரைக் கடற்பக்கம்; ஒன்று பசிபிக்கிற் குவாம், சைப்பான் தீவுகளின் அருகே; ஒன்று நமக்குத் தெற்கே டியேகோ கார்சியாவில். முதலாவது அணி 2012 இற் கலைக்கப்பட்டது.

பொருளை ஏற்றிவிட்டு உறங்குதல் இயலாது. கடற்காற்று உப்புடையது, இரும்பைத் தின்னும். யாழ்ப்பாணத்துக் கடற்கரையோரம் சைக்கிள் வைத்திருப்போர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. நின்ற வண்டியின் மின்கலம் இறக்கும், எண்ணெய் கசியும், இறப்பர் வெடிக்கும், வெடிமருந்து வெப்பத்தாற் கெடும். ஆதலின் சரக்கறைகளில் ஈரம் நீக்கிய காற்றை ஓயாது செலுத்துவர். பராமரிப்பாளர் தட்டுத்தட்டாக நடந்து பார்ப்பர். ஏறத்தாழ மூன்றாண்டுக்கொருமுறை ஒவ்வொரு கப்பலும் முறைவைத்து அமெரிக்காவுக்கு மீளும். புளோரிடா மாநிலத்து யாக்சன்வில் நகருக்கு அணித்தான பிளவுண்ட் தீவில் அனைத்தும் இறக்கப்படும். வண்டிகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டுப் பழுது நீக்கப்படும், காலாவதியானவை மாற்றப்படும், மீண்டும் ஏற்றப்படும். எம் அன்னையாரும் மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை அந்தப் பையை ஆணியிலிருந்து இறக்கி, உடுப்பை வெயிலிற் போட்டு, பழைய விசுக்கோத்தை எங்களுக்குத் தந்துவிட்டுப் புதியதை வைப்பார். அவ்வெள்ளிக்கிழமைகளைச் சிறுவராகிய யாம் ஆவலோடு எதிர்பார்த்திருந்தோம். ஏன் மாற்றுகிறார் என்று வினவினோமல்லோம்.

இக்கப்பல்களை ஓட்டுவோர் பெரும்பாலும் படையினரல்லர். சம்பளத்துக்கு வேலைசெய்யும் வணிகக் கப்பற் கடலோடிகள். கப்பலும் போர்க்கப்பலன்று, பகைவன் எதிர்ப்பட்டால் தானே எதிர்த்து நிற்கும் வலியில்லாதது. ஆதலின் போய்ச் சேருமிடத்தில் நட்புத் துறைமுகமும், அணித்தே விமானத்தளமும் வேண்டும். இவை இல்லையேல் அவ்வளவு பெரிய இருப்பும் பயன்படாது.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். அப்பதின்மூன்று கப்பல்களுக்கும் தம் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்ற கடற்சேனையினர் பெயரையே இட்டனர். 'ஜோன் போபோ' என்னுங் கப்பலுக்குப் பெயர் தந்தவர் 1967 இல் வியட்நாமிலே மடிந்த இளம் அதிகாரி. 'லூயிஸ் ஹோஜ்' 1945 இல் ஒக்கினாவாவில் மடிந்தவர். நடுகல்லைப் பற்றிப் படிப்பிப்பவராகிய எமக்கு இது வியப்பாகத் தோன்றவில்லை. நம் முன்னோர் வீரன் வீழ்ந்த இடத்தே கல் நட்டனர். இவர்கள் பெயரை இரும்பிற் பொறித்துக் கடலில் விட்டனர்.

இவ்வெண்ணம் தோன்றி வளர்ந்தவாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1960களின் முற்பகுதியில் அமெரிக்கத் தரைப்படையினர், இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பழைய 'விக்ரறி' வகைச் சரக்குக் கப்பல்கள் சிலவற்றில் ஆயுதங்களை ஏற்றிப் பிலிப்பைன்சின் சூபிக் குடாவில் நிறுத்தினர். வியட்நாமிலே அவை பயன்பட்டன. அதன்பின் பாதுகாப்புச் செயலாளர் மக்நமாரா, இதற்கெனவே விரைந்தோடும் புதிய கப்பல்களைக் கட்டப் பணங் கேட்டார். அமெரிக்கச் செனற் சபையின் ஆயுதசேவைக் குழுத் தலைவர் றிச்சட் றசல் மறுத்து நின்றார். அவர் போரை வெறுத்த துறவியல்லர். படைக்குப் பணம் வழங்குவதிற் கைதேர்ந்தவர். ஆயினும், எங்கும் போய் எதனையும் செய்வது எளிதாகிவிட்டால் நாம் எந்நாளும் எங்காவது போய் ஏதாவது செய்துகொண்டுதான் இருப்போம் என்னும் கருத்தை அவர் வற்புறுத்தினார். கப்பல்கள் கட்டப்படவில்லை. முன்னிருப்புப் பற்றி எழுந்த வாதங்களுள் இதனினும் கூரியதொன்றை யாம் கண்டிலம்.

பத்தாண்டு கழிந்தது. 1979 இல் ஈரானிற் புரட்சி. அவ்வாண்டின் இறுதியிற் சோவியத்துப் படை ஆப்கானித்தானத்துட் புகுந்தது. எண்ணெய்க் குடாவுக்கு அண்மையில் அமெரிக்காவுக்கு இருப்பு இல்லை. றசலின் வாதம் மறக்கப்பட்டது. 1980 யூலையில் ஏழு கப்பல்கள் அவசரமாகத் திரட்டப்பட்டு டியேகோ கார்சியாவின் உட்கடலில் நங்கூரமிட்டன. பத்தாண்டு அவை அங்கே நின்றும், புதியவற்றுக்கு இடங்கொடுத்தும் வந்தன. 1990 ஓகஸ்ட் 2 இல் ஈராக்கியப் படை குவைத்துட் புகுந்தது. டியேகோ கார்சியாவினின்று புறப்பட்ட கப்பல்கள் ஓகஸ்ட் 15 இல் சவூதி அரேபியாவின் யுபைல் துறைமுகத்தை அடைந்தன. விமானத்தில் வந்த வீரர் ஆங்கே தம் தாங்கிகளைப் பொறுப்பேற்றனர். தொழில்நுட்ப வகையில் நோக்கின், எண்ணியது எண்ணியவாறே முடிந்தது.

நம் நாட்டுப் போரிலும் கடல்மேற் களஞ்சியம் இருந்தது. இதனைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. விடுதலைப் புலிகள் தமக்கு வந்த ஆயுதங்களை இலங்கைக்கு வெகு தூரத்தே ஆழ்கடலிற் பெருங் கப்பல்களில் வைத்து, சிறிது சிறிதாகச் சிறு படகுகளுக்கு மாற்றிக் கரைசேர்த்தனர். அரச கடற்படை அக்கப்பல்களைத் தேடிச் சென்று, 2007 செப்டெம்பர் 10, 11 ஆந் தேதிகளில் மூன்றனையும், ஒக்டோபர் 7 இல் இன்னொன்றையும் மூழ்கடித்தது. அவற்றைக் கடற்படையினர் 'மிதக்கும் களஞ்சியம்' என்றே குறிப்பிட்டனர். வல்லரசின் கப்பல் ஒளிந்து நிற்பதில்லை. காவலுள்ள உட்கடலில் நிற்கும். அரசில்லாதவரின் கப்பலுக்கு ஆழ்கடலின் வெறுமையே காவல். அது கண்டுபிடிக்கப்பட்டால் வேறு காவல் இல்லை. அவற்றோடு மாண்டோருக்கும் தாய்தந்தையர் இருந்தனர்.

இதே கப்பல்கள் உயிர்காக்கவும் பயன்படும் என்பாரும் உளர். உண்மையே. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் குவாமில் நின்ற முன்னிருப்பு அணி இந்துமாகடல் நோக்கி அனுப்பப்பட்டது. நீராக்கும் பொறியும், பாரவூர்தியும், மின்னாக்கியும் ஏற்கெனவே ஏற்றி நிற்கும் கப்பலைப் போல அழிவுக் காலத்துக்கு உதவுவது வேறில்லை. மருதங்கேணி முதல் மணற்காடு வரையான கரையிற் பேரலைக்குப் பின் முதற்கிழமையில் நின்றவர்க்கு, குடிநீர் ஒரு போத்தலின் பெறுமதி தெரியும். உணவும் நீரும் மருந்தும் மட்டும் ஏற்றிய முன்னிருப்புக் கப்பலொன்றை ஆசிய நாடுகள் தமக்குள் ஒன்றுகூடி நம் கடலில் நிறுத்தலாகாதா என்பது எம் நெடுநாள் ஐயம்.

இனி அந்த ஓரிடத்துக்கு வருவோம். டியேகோ கார்சியா, சாகோஸ் தீவுக்கூட்டத்துட் பெரியது. யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் தெற்கே, சற்று மேற்குச் சாய்வில் உள்ளது. குதிரை இலாடம் போன்ற பவளத்தீவு; நடுவே ஆழமும் அமைதியுமுடைய உட்கடல். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரும் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகளும் கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோட்டங்களிற் கொப்பரை செய்து வாழ்ந்த மண் அது. தேங்காய் துருவும் ஒலி கேட்ட வீடுகள் அங்கும் இருந்தன என்பதை நினைக்குந்தோறும் அத்தீவு எமக்கு அயலூராகவே தோன்றுகின்றது.

1965 நவெம்பர் 8 இல் பிரித்தானியா சாகோசை மொரீசியசிலிருந்து பிரித்தது; விடுதலை பெறவிருந்த மொரீசியசுக்கு 30 இலட்சம் பவுண் கொடுக்கப்பட்டது. 1966 டிசெம்பர் 30 இல் அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்தது. வாடகை இல்லை, பதிலாகப் பொலாரிசு ஏவுகணைக் கணக்கில் 140 இலட்சம் டொலர் இரகசியமாகக் கழிக்கப்பட்டது. தீவில் மக்கள் இருத்தலாகாது என்பது திட்டம். 1968 முதல், மருத்துவத்துக்கும் உறவினரைக் காண்பதற்கும் மொரீசியசுக்குச் சென்றோர் திரும்பிவர விடப்படவில்லை. 1971 இல் டியேகோ கார்சியாவில் எஞ்சியோர் கப்பலேற்றப்பட்டனர். அவர் வளர்த்த நாய்கள் கொப்பரை உலர்த்தும் கொட்டிலிலே அடைத்து நச்சுப்புகையிட்டுக் கொல்லப்பட்டன. 1973 அளவில் ஏனைய தீவுகளும் வெறுமையாயின. இடம்பெயர்க்கப்பட்டோர் தொகை 1,500 இற்குக் குறையாது. நாமாவது பாலத்தைக் கடந்து சென்று, பின்னர்ப் பாலத்தைக் கடந்து மீண்டோம்.

அக்காலத்தில் இலங்கை வாளாவிருக்கவில்லை. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா இந்துமாகடலை அமைதி வலயமாக்கவேண்டுமென்று ஐக்கிய நாடுகள் சபையில் எடுத்துரைத்தார். 1971 டிசெம்பர் 16 இல் பொதுச்சபை அவ்வாறே தீர்மானம் நிறைவேற்றிற்று. தாளில் அமைதி வலயம்; தண்ணீரில் ஒன்பதாண்டு கழியுமுன் ஏழு களஞ்சியக் கப்பல்கள். எம் ஆசிரியர் ஒருவர் இத்தீர்மானத்தை வகுப்பிற் பெருமையோடு கூறியது நினைவுண்டு. அவர் பெருமை தவறன்று. தீர்மானத்தின் கீழே நங்கூரம் இல்லை என்பதே குறை.

2021 ஒக்டோபரில் இத்தீவு நம் இல்லங்களிற் பேச்சுப்பொருளாயிற்று. கனடா நோக்கிச் சென்ற இலங்கைத் தமிழர் 89 பேரின் படகு கடலிற் பழுதுற்று, அத்தீவிற் கொண்டுசென்று சேர்க்கப்பட்டது. அவருள்ளே சிறுவரும் இருந்தனர். வேலியிட்ட நிலத்தே கூடாரங்களில் மூன்றாண்டு வைக்கப்பட்டனர். கூடாரத்தினுள் எலிகள் புகுந்தன. உலகின் மிகப் பெரிய படைகளுள் ஒன்றின் மாதக்கணக்கான உணவும் நீரும் மருந்தும் அதே தீவின் உட்கடலில், ஈரம் நீக்கிய காற்றிற் பத்திரமாக இருக்க, கரையிலே இவர்கள் கூடாரத் துணியினுள் இருந்தனர். 2024 யூலையில் நடக்கவிருந்த நீதிமன்ற விசாரணை, நீதிபதியும் வழக்கறிஞரும் தீவுக்குட் செல்வதை அமெரிக்கா மறுத்தமையால் நின்றது, செப்டெம்பரில் நடந்தது. 2024 டிசெம்பரிற் பெரும்பாலோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அம்மாதமே அப்பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம், அவர்களைத் தடுத்து வைத்தது சட்டத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது.

2019 பெப்ரவரியில் அனைத்துலக நீதிமன்றம், சாகோசைப் பிரித்தமை முறையன்று என்று கருத்துரைத்தது. 2025 மே 22 இல் பிரித்தானியாவும் மொரீசியசும் உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டன: இறைமை மொரீசியசுக்கு, டியேகோ கார்சியாத் தளம் 99 ஆண்டுக் குத்தகைக்கு. குத்தகைக்காலம் முடிகையில் எம் வகுப்பு மாணாக்கரின் பேரப்பிள்ளைகளே முதியராயிருப்பர்.

இவற்றையெல்லாம் அம்மாணாக்கனுக்கு இரண்டு பாடவேளைகளிற் கூறினோம். சிலபகுதிகளை வயது நோக்கிச் சுருக்கினோம். 'முன்னிருப்புக் கப்பல்' என்னுஞ் சொல்லையும் கரும்பலகையில் எழுதினோம். அவன் அதனை ஏற்றானல்லன். சொல் நீளமென்றும், 'காத்திருப்புக் கப்பல்' என்றால் என்ன என்றும் கேட்டான். வகுப்பில் இரண்டு கட்சியாயிற்று. மயிலிட்டியிலும் வல்வெட்டித்துறையிலும் பிறந்து கப்பற்றொழிலில் ஈடுபட்ட பழைய மாணவர் பலர் இம்மலரை வாசிப்பர். ஓடாது நின்று பொருள் காக்கும் கலத்துக்கு உங்கள் ஊர்க் கடலோடிகளிடையே பழஞ்சொல் ஏதும் வழங்கினால், கல்லூரி முகவரிக்கு எழுதியனுப்புக. இரு கட்சியாரும் எதிர்பார்த்திருக்கின்றனர்.